இடப்பக்கம் மாற்றிய கைப்பிடி

நடந்தவை, வரிசைப்படி:

1. அண்ணன் இடது கையை மட்டும் ஊன்றித் தலைகீழாக நிற்கப் பழகத் தொடங்கினான்.
2. நிற்பதற்கு வலு போதவில்லை என்று உடற்பயிற்சி தொடங்கினான். என்னென்ன பயிற்சி, எந்தக் கிழமை என்று நான் வகுத்துக் கொடுத்தேன்.
3. வலு கூடியது.
4. பிறகு இடது கையில் மட்டும் குறையத் தொடங்கியது.
5. இடது கை மெலிகிறது என்று எங்களுக்குத் தோன்றவில்லை. வலது கை பெருத்துவிட்டது என்றே நினைத்தோம்.
6. ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரின் கைப்பிடியை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றினோம்.
7. கிறிஸ்துமஸ் மேடையில் அவன் விழுந்தான்.
8. திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர், இதற்கும் ரோலருக்கும் சம்பந்தமே இல்லை என்றார்.

எட்டாவதை ஐந்தாவது இடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது இடத்திலும் வைத்துப் பார்த்திருக்கிறேன். அப்படி நடந்திருந்தால் கையில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை.

கீரிப்பாறைக்குப் போகிற பஸ் மலையேறத் தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு. அப்பா அரசு ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கத்தியால் கீறிப் பால் வெட்டுகிறவர். வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கென்று ஒரு தகரக் கொட்டகை, அதில் இரண்டு ரோலர்கள். அக்கம்பக்கத்தில் கொஞ்சம் மரம் வைத்திருப்பவர்கள் பாலைத் தட்டில் உறைய வைத்து எங்களிடம் கொண்டுவருவார்கள். தட்டிலிருந்து எடுக்கும்போது அது கெட்டித் தயிர்போல ஆடும். முதல் ரோலரில் திரும்பத் திரும்ப விட்டுப் பரத்தி, வரி வெட்டிய இரண்டாவது ரோலரில் ஒருமுறை விட்டால் ஷீட். ஒருவர் ஷீட்டைச் செலுத்த வேண்டும், ஒருவர் இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். செலுத்துவது அம்மா. சுற்றுவது, எட்டாம் வகுப்பில் படித்த காலத்திலிருந்தே, அண்ணன்.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் எங்கள் சபையின் வாலிபர்கள் நாலைந்து பேர் பிரேக் டான்ஸ் ஆடத் தொடங்கினார்கள். ஒருவனுடைய செல்போனில் இருந்த துண்டு துண்டான படங்கள்தான் அவர்களுக்குப் பாடம். சிமெண்ட் தரையில் முதுகு உரிந்ததால் எங்கள் கொட்டகைக்கு வந்தார்கள். பாதி உலர்ந்த ஷீட்டுகளை அடுக்கி மெத்தையாக்கிக்கொண்டார்கள். நாற்றம் பழகிவிட்டது. ஆடி முடித்துச் சட்டை போடும்போது எல்லார் முதுகிலும் ரோலரின் கட்டம் போட்ட வரி பதிந்திருக்கும்.

அண்ணனுடைய வேலை கடைசியில். எல்லாரும் ஆடி விலகியதும் அவன் இடது கையை ஊன்றித் தலைகீழாக எழுந்து, கால்களை மடக்கி, அசையாமல் நிற்க வேண்டும். வலது கையில் பேட்டரி விளக்கு வைத்த காகித நட்சத்திரம். அது எரிய வேண்டும். அதற்குள் கீழே வந்துவிடக் கூடாது. முதல் வருஷம் நட்சத்திரம் எரிவதற்கு முன்பே அவன் விழுந்தான். அடுத்த கிறிஸ்துமஸுக்குள் நின்று காட்டுகிறேன் என்று அவன் சொன்னது, கேலி செய்தவர்களிடம். அதற்குப் பிறகு அவனுக்கு வேறு எதுவும் முக்கியமாக இருக்கவில்லை.

நான் அப்போது நாகர்கோவிலில் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தேன். அவன் விழுவதைப் பல தடவை பார்த்து ஒன்றைப் புரிந்துகொண்டேன். ஒரு கையில் நிற்பவனுடைய எடை உள்ளங்கைக்கு மேலேயே இருக்காது. முன்னும் பின்னுமாக ஊசலாடும். விரல்நுனிகள் தரையை அழுத்தி அதைத் திருப்பி அனுப்புகின்றன. தூக்குவது தோள். பிரேக் விரல்தான். அவனுக்குத் தோள் இருந்தது, பிரேக் போதவில்லை.

அதனால் விரலில் தொடங்கினோம். விரல்நுனியில் தண்டால். ஒரு கம்பின் நடுவில் கயிறு கட்டி, கயிற்றில் கல் தொங்கவிட்டு, மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் கல்லை மேலே சுருட்டுவது. சுவரில் கால் சாய்த்துத் தலைகீழாக நின்று உடம்பை இறக்கி ஏற்றுவது. இரண்டு வெட்டுக்கல்லை வைத்து, அதன்மேல் கையூன்றிக் காலை நீட்டி அந்தரத்தில் உட்காருவது. பெயிண்ட் டப்பாவில் சிமெண்ட் நிரப்பிக் கம்பி செருகிய எடை. தோளுக்கு சைக்கிள் டியூப். தோட்டத்துச் சங்கு ஊதுவதற்கு முன்னால் ஒரு சுற்று, ஷீட் அடித்து முடிந்ததும் ஒரு சுற்று.

“ஏட்டி, எண்ணு” என்று தங்கையான என்னை அதட்டுவான்.

“எண்ணிட்டுதான் இருக்கேன்.”

“மனசுக்குள்ள எண்ணுனா எனக்கு எப்பிடி வலு வரும்? சத்தமா எண்ணு.”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். “சோறு தின்ன ஒடனே தலகீழா நிக்கானே, எறங்குன சோறு அப்பிடியே திரும்பி வராதா? வவ்வாலப் பெத்ததுக்கு ஒரு பேயன் வாழையாவது நட்டிருக்கலாம்.”

“வவ்வாலுக்குக் கை கெடயாதும்மா.”

“உனக்கு இருந்து என்ன பிரயோஜனம்? ஒரு குடம் தண்ணி எடுத்தியா?”

வலு கூடியது. மழைக்காலம் வருவதற்குள் சுவரை விட்டு விலகி இடது கையில் மூன்று மூச்சு நின்றான். எனக்கு நினைவிருக்கும் அவனுடைய மிக நல்ல நாள் அது. கீழே வந்ததும் ஷீட் மெத்தையில் மல்லாந்து படுத்து, தகரக் கூரையைப் பார்த்துச் சிரித்தான்.

அதற்குப் பிறகு எந்த நாளில் தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியாது. காலையில் குளிருக்கு இடது கை விரல்கள் மடங்கிக்கொள்கின்றன, விரிக்க நேரமாகிறது என்றான். மலையடிவாரத்தில் காலைக் குளிருக்கு யாருக்குத்தான் விரல் விறைக்காது? அப்பாவும் கத்தியைப் பிடிப்பதற்கு முன் கையைத் தேய்த்துக்கொள்வார். அப்புறம் வாட்ச் வாரில் இன்னொரு துளை போட்டுத் தரச் சொன்னான். ஆணியைக் காய்ச்சிப் போட்டுக் கொடுத்தேன். பயிற்சியில் கொழுப்பு கரைகிறது என்று இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

ஆடுகிற கூட்டத்தில் ஆட்டோ ஓட்டுகிற ஒருவன் இருந்தான், அண்ணனுக்கு மிக நெருக்கமானவன். ஒருநாள் அண்ணனின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து எல்லாருக்கும் காட்டினான்.

“லேய், இங்க பாருங்கல. இது தேக்குத் தடி. இது மரச்சீனிக் கம்பு. ஒரே மரத்துல ரெண்டு வெள்ளாம.”

“ரோலர் சுத்துற கையில்லியா மக்கா. பெருக்காம என்ன செய்யும்?” என்றான் அண்ணன்.

அது எங்களுக்கு இயல்பான பதிலாகத் தோன்றியது. ரப்பரில் பாடுபடுகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரேபோல இருப்பதில்லை. பால் வாளி சுமக்கிற அப்பாவின் ஒரு தோள் தாழ்ந்திருக்கும். யாருடைய சட்டையைத் தைக்கவும் எங்கள் தையல்காரர் இரண்டு தோளையும் தனித்தனியே அளப்பார். ஒரு கை மற்றதைவிடச் சிறிதாக இருந்தால், பெரிய கை அதிகம் வேலை செய்தது என்று அர்த்தம். வேறு அர்த்தம் இருக்கலாம் என்று யோசிக்க எங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

அளந்துதான் பார்ப்போமே என்று நினைத்தேன். ஷீட்டை எடை போடத் தொங்கவிடும் ஸ்பிரிங் தராசு கொட்டகையில் இருந்தது. அதன் கொக்கியில் ஒரு வார் வளையம் மாட்டினேன். நான்கு விரலையும் வளையத்தில் கொடுத்து, தோளை அசைக்காமல், விரலால் மட்டும் இழுக்க வேண்டும். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வந்ததும் அளந்தோம். வலது கைக்கு முள் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூடுதலாக இறங்கியது. இடது கைக்கு, போன வாரம் நின்ற இடத்துக்கு வரவேயில்லை.

அளவு ஒத்துவராதபோது முதலில் கருவியைச் சந்தேகப்பட வேண்டும் என்பது எங்கள் ஆய்வகத்துப் பாடம். தராசில் அரிசிப் பையைத் தொங்கவிட்டேன். சரியாகக் காட்டியது. வளையத்தை மாற்றினேன். எண்ணெய் விட்டேன். கடைசியில் சந்தேகப்பட அவன் மட்டும்தான் மிச்சம்.

“நீ முழுசா இழுக்கல்ல.”

“இழுக்கேன் ஏட்டி.”

“இல்ல. முகம் சுளியுது, முள்ளு நவுரல்ல.”

அவன் வளையத்திலிருந்து விரலை எடுத்து, யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

“நான் இழுக்கத்தான் சொல்லுகேன். அது கேக்க மாட்டேங்கு.”

அப்பாவிடம் சொன்னோம். அவர் ரோலரைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

“ஒரு கையால சுத்துனா ஒரு கைதான் பெருக்கும். கைப்பிடிய அந்தப் பக்கம் மாத்து. ரெண்டு மாசத்துல சரியாவும்.”

எனக்கும் அது சரியாகவே பட்டது. ரோலர் தண்டின் மறுமுனையில் கைப்பிடியைப் பூட்ட வெட்டு இல்லை. தண்டைக் கழற்றி லேத் பட்டறையில் கொடுத்து வெட்டி வாங்கினோம். பற்சக்கரங்கள் இருந்த பக்கம் தகரத்தால் ஒரு மறைப்பு வைத்து, ரோலரைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, நானே முடுக்கினேன். அன்றிலிருந்து அண்ணன் இடது கையால் சுற்றினான். முதலில் சிரமப்பட்டான். பிறகு பழகிவிட்டது. புயமும் தோளும் உருண்டு திரண்டன. முழங்கைக்குக் கீழே பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. புயம் உருளுகிறதே, அது போதும் என்றிருந்தது. கிறிஸ்துமஸ் வரைக்கும் அப்படியே போனது.

கிறிஸ்துமஸ் கலைநிகழ்ச்சி அன்று மதியத்திலிருந்தே தூறல். சபை வளாகத்தில் பலகை மேடை, மேலே தார்ப்பாய். மாலையில் ஆட்டம் தொடங்கியது. அண்ணன் மேடைக்குப் பின்னால் டீ அண்டாவின் அடுப்புச் சூட்டில் இடது கையைக் காட்டிக்கொண்டு நின்றான். நான் போய், “விரல் விரியுதா?” என்று கேட்டேன்.

“விரியும். நீ போய் முன்னால இரி.”

முன் வரிசையில் உட்கார்ந்தேன். மற்றவர்கள் நட்சத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவனுடைய விரல்களைப் பார்த்தேன். விரியவில்லை. மடங்கிய விரல்களோடு கையைப் பலகையில் ஊன்றினான். தோள் தூக்கியது. கால்கள் எழுந்தன. நட்சத்திரம் எரிந்தது. கை தட்டினார்கள். எடை விரல் பக்கம் சாயத் தொடங்கியது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கே அதைத் திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லை. கத்தலாம் என்று தோன்றியது. கத்தி என்ன சொல்வது?

முகம் குப்புற விழுந்தான். நட்சத்திரம் அவன் மார்புக்கடியில் நசுங்கியது. இதுவும் ஆட்டத்தில் சேர்த்திதான் என்று நினைத்துப் பின் வரிசையில் சிரித்தார்கள், விசில் அடித்தார்கள். போதகர் ஒலிபெருக்கியை வாங்கி, நம்முடைய தம்பிமாரை உற்சாகப்படுத்துவோம் என்றார்.

ஆட்டோக்காரன் ஓடிவந்து குனிந்து கை நீட்டினான். “எந்திரில. காலம்பற சாப்பிடலியா? பாலாடை மாதிரி கெடக்க.”

அண்ணன் இடது கையைக் கொடுத்தான். அவன் பிடித்து இழுத்தான். கை அவன் பிடியிலிருந்து வழுகி வெளியே வந்துவிட்டது. மறுபடி பிடித்தான். மறுபடியும் வழுகியது. அவன் சிரிப்பை நிறுத்தினான். அப்புறம் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பின்னால் கொண்டுபோனான். போகும்போது என்னைப் பார்த்து, “இவன் பிடிக்கவே இல்லடி” என்றான். குற்றம் சொல்வதுபோலத் தொடங்கி, முடிக்கும்போது பயந்திருந்தான்.

எண்ணெய் தேய்த்தோம், ஜெபம் செய்தோம். தை பிறந்ததும் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அண்ணனின் இரண்டு கைகளையும் மேஜைமேல் நீட்டி வைக்கச் சொன்னார். வெள்ளை விரிப்பின்மேல் பார்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது. இடது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குழி. நீட்டிய விரல்கள் மெல்ல நடுங்கின. கழுத்தைக் குனிய வைத்து ஸ்கேன் எடுத்தார்கள்.

“இது மசிலோட குறையல்ல கேட்டோ. கழுத்துக்குள்ள நரம்பில. இந்த வயசில ஆம்பிளப் பிள்ளைகளுக்கு வரும். கொஞ்சம் வருஷம் கூடிட்டு வரும். பின்னே தன்னால நிக்கும்” என்றார், மலையாளம் கலந்த தமிழில்.

கேட்க வேண்டியவற்றை நான் மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன்.

“எப்ப நிக்கும் டாக்டர்?”

“அது சொல்லான் பற்றாது. சொல்ல முடியாது.”

“போன வலு திரும்புமா?”

“போனது போச்சு.”

“பயிற்சி செஞ்சா?”

“இருக்கிற மசிலுக்கு நல்லது. போன மசிலுக்கு ஒண்ணும் இல்ல.”

“ரோலர் சுத்தினதால வந்ததா?”

அவர் தலை நிமிர்ந்தார். “எந்தக் கை?”

“முதல்ல வலது. பிறகு இடது.”

“ரெண்டுமல்ல. கழுத்து குனியக் கூடாது, அது மட்டும்தான் இப்ப நம்ம கையில. பட்டை போடணும். தலைகீழா நிக்கறது, தலையில சுத்தறது, ஒண்ணும் வேண்டா. சொன்னதைக் கேட்டால் சிலருக்குச் சீக்கிரம் நிக்கும்.”

“முன்னாலேயே வந்திருந்தா?”

“சிலப்போ கொஞ்சம் மிஞ்சியிருக்கும். சிலப்போ இதுதான்.”

என் வரிசை அதோடு முடிந்தது. வெளியே வராந்தாவில் அப்பா காத்திருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “அப்பம் ரோலரால இல்லியா?” என்றார்.

“இல்லப்பா.”

“ரோலர்னா சரி பண்ணிரலாம்லா” என்றார். அவருடைய முகத்தில் நிம்மதியை எதிர்பார்த்திருந்தேன். இல்லை.

கழுத்துப் பட்டை போட்ட பிறகு அவனால் குனிந்து தட்டைப் பார்த்துச் சாப்பிட முடியவில்லை. அம்மா தையல் மெஷினுக்கு மேலே ஒரு பெட்டியை வைத்து, அதன்மேல் தட்டு வைத்தாள். அவன் நின்றுகொண்டே சாப்பிட்டான். மீன் முள்ளை அவள் எடுத்துக் கொடுத்தாள். பஸ்ஸில் கண்டக்டர், “பைக் ஆக்சிடென்டா மக்கா?” என்று கேட்டால், “ஆமாண்ணே” என்பான். அதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டோக்காரன் மட்டும் தினமும் வந்தான். “சவத்த விடு மக்கா. கழுத்துல பட்டை, கையில நடுக்கம், போதகர் மாதிரியே இருக்க. பிரசங்கத்துக்குப் போயிரு” என்பான். அண்ணன் சிரிப்பான், பட்டை அசையாமல்.

பயிற்சியை அவன் விடவில்லை. தலைகீழாக நிற்பதை மட்டும் விட்டான். இருக்கிற தசைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாரே என்றான். கல் கட்டிய கயிற்றைச் சுருட்டினான். முன்பு சுருட்டிய கல்லைவிடச் சிறிய கல், அப்புறம் அதைவிடச் சிறியது. கற்களை அவனேதான் ஓடையிலிருந்து பொறுக்கி வந்தான். “ஏட்டி, எண்ணு” என்றான். நான் சத்தமாக எண்ணினேன். எண்ணிக்கை கூடியது, கல் சிறுத்துக்கொண்டே வந்தது. இரண்டையும் பெருக்கிப் பார்க்க எனக்குத் தெரியும். அவனிடம் சொல்லவில்லை. அவனுக்கும் பெருக்கத் தெரியும்.

ஒரு நாள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நீ படிச்ச பிள்ளதானே, அவன்கிட்ட விடச் சொல்லப்பிடாதா? பாக்க வெப்ராளமா இருக்கு, மனசு தாங்கல்ல” என்றாள். சொல்வதற்குப் போனேன். கொட்டகையில் அவன் கம்பைப் பிடித்துக்கொண்டு, கல் மேலே வந்துகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எண்ணத் தொடங்கினேன்.

ஞாயிறு அளவையும் அவன் நிறுத்தவில்லை. நான் படிப்பு முடித்து ஓசூரில் வேலைக்குப் போன பிறகு, லீவில் வரும்போதெல்லாம் தராசை எடுத்து மாட்டினான். முள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலேயே, முன்பைவிடக் குறைந்த எடையில் நின்றது. ஒரு தடவை, முந்தின தடவை நின்ற இடத்திலேயே நின்றது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்தோம். அடுத்த தடவையும் அதே இடம். நின்றுவிட்டது என்பதை ஒரு நாளில் தெரிந்துகொள்ள முடியாது. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஈஸ்டருக்கு வந்தபோதும் முள் அதே இடத்தில் நின்றது. அண்ணன் வளையத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போனான்.

இப்போதைய நிலை இது. கை குறைவது நின்றுவிட்டது, போனது எதுவும் திரும்பவில்லை. கழுத்துப் பட்டை இல்லை. இடது கையால் டம்ளர் பிடிப்பான், சட்டைப் பொத்தான் போட முடியாது. கூட்டாளியைப்போல ஆட்டோ ஓட்டலாமென்றால், கியரும் கிளட்சும் இடது கையில் என்பதால் முடியவில்லை. ஷீட் வாங்கும் கடை ஒன்றில் எடை பார்க்கிறான். சபையில் கிறிஸ்துமஸ் நடனம் நடக்கிறது, வேறு பையன்கள் ஆடுகிறார்கள். வலது கையில் நிற்பதற்கு அவன் முயன்றது எனக்குத் தெரிந்து இல்லை. ரோலரின் கைப்பிடியை யாரும் பழைய பக்கத்துக்கு மாற்றவில்லை. அப்பா இடது கையால் சுற்றுகிறார்.